சாவாலுந்தோ மீன்களும் தேக்கா மீன்களும்

(லிட்டில் இந்தியாவில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்கால ஏரிகளில் வாழ்ந்து கல்லாகிப் போன மீன்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். முதலிலேயே ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் மண்ணைத் தோண்டி அப்படி ஒரு மீனை எடுத்துவிடலாம் என்று யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். புக்கித் தீமா முழுக்க கிரானைட். பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகிய கல் அது. அதற்குள் மீன் தேடுவது வீண்வேலை. மேற்கே ஜூரோங் பக்கம் படிவுப் பாறைகள் உண்டு. ஆனால் அவை டிரையாசிக் காலத்தவை. கெண்டையும் கெளுத்தியும் உலகத்தில் தலைகாட்டாத காலம். லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 2015 முதல் நிற்கும் மூன்று டைனோசர்களும்கூட அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்தவைதான்.

ஆகையால் நீரிணையைத் தாண்டுவோம். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாடாங் நகரம். அங்கிருந்து மலைப்பாதையில் உள்ளே போனால் சாவாலுந்தோ. நிலக்கரிச் சுரங்க ஊர். 2019இல் யுனெஸ்கோ அதன் ஒம்பிலின் சுரங்கங்களை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நிறைய. அந்த நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே சங்காரேவாங் படிவு என்று ஒரு களிப்பாறை இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் மிகக் குறைவு.

கறுப்பும் பழுப்புமான கல் அது. தாள்தாளாக உரியும். பழைய ஏட்டுச்சுவடியை ஓலை ஓலையாகப் பிரிப்பதுபோல் கத்தி முனையால் பிரிக்கலாம். ஓர் ஓலையில் இலை இருக்கும், இன்னோர் ஓலையில் மீன் இருக்கும். பல ஓலைகளில் ஒன்றுமே இருக்காது.

இப்படித் தாள்தாளாகப் படிய வேண்டுமானால் ஏரி ஆழமாக இருந்திருக்க வேண்டும், அடிநீர் கலங்காமல் கிடந்திருக்க வேண்டும். வெப்பமண்டலத்து ஆழமான ஏரியில் மேல்நீர் சூடாகவும் லேசாகவும் இருக்கும். அடிநீர் குளிர்ந்து கனமாகத் தங்கிவிடும். இரண்டும் கலக்காததால் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் புழுவும் நத்தையும் வாழாது. செத்து விழுந்த மீனைக் கொத்திக் கலைக்க ஆளில்லை. ஆழமற்ற வெதுவெதுப்பான குளத்தில் செத்த மீன் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்: வயிறு ஊதி மிதக்கும், தாடை ஒரு பக்கம் செதில் ஒரு பக்கமாக உதிரும். அங்கே நமக்கு உதிரி எலும்புதான் கிடைக்கும். சங்காரேவாங்கில் தலை முதல் வால் வரை முழு மீன் கிடைக்கிறது. இந்தப் படிவின் வயது ஈயோசீன் என்று கருதப்படுகிறது. ஈயோசீன் என்றால் சுமார் 5 கோடியே 60 லட்சம் முதல் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம். 'கருதப்படுகிறது' என்று சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஈயோசீன் என்ற சொல்லோடு ஒரு கேள்விக்குறியோ 'அநேகமாக' என்ற சொல்லோ ஒட்டிக்கொண்டே வரும்.

கல் கிடைத்துவிட்டது, மீன் தெரிகிறது. இது என்ன மீன்? இன்றைய பேச்சின் சாரமே இந்தக் கேள்விதான். 'பார்த்தால் கெண்டை மாதிரி இருக்கிறது' என்பது பதில் ஆகாது. எந்த எலும்பை வைத்துக் கெண்டை என்கிறாய், அந்த எலும்பு வேறு எந்த மீனுக்கும் கிடையாதா என்று கேட்டால் கையை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை.

அதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேக்கா சந்தையின் மீன் பகுதிக்குப் போங்கள். கடல் மீன்களை விட்டுவிடுங்கள். ரோகு, கெளுத்தி, விரால், திலாப்பியா, இந்த நான்கும் போதும். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குச் சூப் வைக்க விரால் வாங்க வரும் கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் பொறுமையாக நின்றால், கடைக்காரரே பாதியைச் சொல்லிக்கொடுப்பார்.

ரோகுவையும் திலாப்பியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வயிற்றடியில் இருக்கும் இணைத் துடுப்பைப் பாருங்கள். ரோகுவுக்கு அது வயிற்றின் நடுவில் இருக்கும். திலாப்பியாவுக்கு முன்னே வந்து, மார்புத் துடுப்புக்கு நேர் கீழே இருக்கும். ரோகுவின் முதுகுத் துடுப்பைத் தடவினால் கையில் குத்தாது. திலாப்பியாவினுடையது முன்பாதி முழுக்க முள். இந்த இரண்டு வேறுபாடுகளும் கல்லில் அப்படியே பதியும். வாலுக்குப் போனால் இன்னொரு கணக்கு: கெண்டை வகைகளில் வால் துடுப்பின் முதன்மைக் கதிர்கள் பெரும்பாலும் 19, திலாப்பியா, கோராமி, கொடுவா போன்ற முள்துடுப்பு மீன்களில் 17க்கு மேல் போகாது. சதை போய், நிறம் போய், கண் போன பிறகும் எண்ணிப் பார்க்கக்கூடிய சங்கதிகள் இவை.

அடுத்தது தொண்டை. ரோகுவின் வாய்க்குள் விரலை விட்டால் ஒரு பல்கூடத் தட்டுப்படாது. ஆனால் செவுளுக்குப் பின்னால், தொண்டைக்குள், வளைந்த இரண்டு எலும்புகளில் பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஐந்தாவது செவுள் வளைவு மாறி உருவான எலும்புகள் அவை. தலையை வெந்நீரில் வேகவைத்துச் சதையை வழித்தால் முழுசாகக் கையில் வரும். அதைத் திருப்பிப் பார்த்தால் மேலண்ணத்தில் இருக்கும் ஒரு கெட்டித் தட்டின்மேல் இந்தப் பற்கள் இரையை வைத்து அரைத்த தேய்மானம் தெரியும். வாயில் பல் இல்லாமல் தொண்டையில் இப்படிப் பல் இருப்பதுதான் கெண்டைக் கூட்டத்தின் கையெழுத்து. உடல் மொத்தமும் சிதைந்துபோன படிவில்கூட இந்தப் பற்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும். மீன் எலும்பிலேயே கெட்டியானவற்றில் ஒன்று இது.

கெளுத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செதில் இல்லை, மார்புத் துடுப்பின் முதல் முள் அடிப்பாகத்தில் பூட்டிக்கொள்ளும். முள்ளை விரித்து மடக்கிப் பாருங்கள், ஒரு கட்டத்துக்கு மேல் மடங்காது. கொஞ்சம் திருகினால்தான் மடங்கும். குத்து வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்தப் பூட்டின் குமிழ் ஒன்று கல்லில் கிடைத்தாலே போதும், கெளுத்தி என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். எந்தக் கெளுத்தி என்பது வேறு விஷயம்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குடும்பம் வரைக்கும் எலும்பு பேசும். பேரினம், இனம் என்று இறங்க இறங்கக் குரல் தாழ்ந்துகொண்டே போகும்.

சங்காரேவாங் மீன்களை முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் குந்தர், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உலகத்து மீன்களையெல்லாம் பட்டியலிட்டவர். 1876இல் 'ஜியாலஜிகல் மேகசின்' இதழில் பாடாங் மலைநாட்டு மீன்களைப் பற்றி அவர் எழுதினார். ஒரு கெளுத்திக்கு வெர்பேக் என்ற டச்சு நிலவியலாளரின் பெயரைச் சூட்டினார். பின்னாளில் கிராக்கட்டோவா வெடிப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற அதே வெர்பேக்தான். ஒன்றைப் பகாரியஸ் என்றார். இன்றைக்கும் ஆசிய ஆறுகளில் இருக்கும் பெரிய கெளுத்தியின் பேரினம் அது. ஒரு கெண்டையைப் பார்பஸ் என்றார். தமிழ்நாட்டில் சொட்டைவாளை என்போமே, அந்த நோட்டோப்டெரஸ் பேரினத்தில் இன்னொன்றை வைத்தார். ஆக, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய ஏரியில் இன்றைய ஆற்று மீன்களே நீந்திக்கொண்டிருந்தன என்ற தோற்றம் உண்டாகிவிட்டது.

1934இல் சாண்டர்ஸ் என்பவர், கார்ல் மஸ்பர் என்ற நிலவியலாளர் திரட்டிய கற்களையும் சேர்த்து, இந்த மீன்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அதிலும் ராஸ்போரா, பன்டியஸ் என்று உயிரோடிருக்கும் பேரினங்களின் பெயர்களே அதிகம். ஒரு மீனுக்கு டாக்சோடெஸ் பொஃபோர்டி என்று பெயர் வந்தது. டாக்சோடெஸ் என்றால் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி இலைமேல் இருக்கும் பூச்சியை வீழ்த்துமே, அந்த வில்வீர மீன். சுங்கை பூலோவில் சதுப்புநிலப் பாலத்தின்மேல் நின்று பார்த்திருப்பீர்கள். இன்றைய வில்வீர மீன்கள் பல உவர்நீரில் வாழ்கின்றன. அப்படியானால் அந்த ஏரிக்குக் கடலோடு தொடர்பு இருந்ததா என்று உடனே கேட்கத் தோன்றும். கேட்கலாம்; ஆனால் இன்றைய உறவினரின் வீட்டு முகவரியைப் பார்த்து முப்பாட்டன் எங்கே குடியிருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது.

இதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. கோதாவரியோடு கலக்கும் பிராணஹிதா பள்ளத்தாக்கில் கோட்டா படிவு இருக்கிறது. ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். அங்கிருந்து தடித்த சாய்சதுரச் செதில் கொண்ட லெபிடோடெஸ் பேரினத்து மீன் ஒன்று 1851இலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. பின்னர் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சோஹன் லால் ஜெயின் அந்த மீன்களை எலும்பெலும்பாக மறுபடி விவரித்தார். 1974இல் இந்தோசீலகாந்தஸ் என்று ஒரு சீலகாந்தையும் அறிவித்தார். இன்று உயிரோடிருக்கும் சீலகாந்துகள் ஆழ்கடல்வாசிகள். கோட்டாவினுடையதோ ஏரியும் ஆறும் விட்டுச்சென்ற படிவு. உறவை வைத்து இருப்பிடத்தைச் சொல்லியிருந்தால் தெலங்கானாவின் நடுவே ஆழ்கடலைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டியிருக்கும்.

சுமத்ராவுக்குத் திரும்புவோம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து அலிசன் மரே, பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்து யஹ்டி ஸாயிம் முதலியோருடன் சேர்ந்து 2015இல் அதே படிவிலிருந்து ஒரு கோராமி உறவை விவரித்தார். நம் ஊர்க் கடைகளில் உயிரோடு தொட்டியில் கிடக்கும் கோராமிதான் இந்தக் குடும்பத்தின் பெரிய அண்ணன். அவர்கள் அதைக் கோராமியின் பேரினத்தில் போட்டுவிடவில்லை. துடுப்பு முட்களை எண்ணி, தலை எலும்புகளை ஒப்பிட்டு, இன்றிருக்கும் எதனோடும் முழுதாகப் பொருந்தவில்லை என்று காட்டி, ஒம்பிலினிக்திஸ் யமினி என்று புதுப் பேரினமே அமைத்தார்கள். 2020இல் கெண்டைக் கூட்டத்து மீன்களையும் மரே மறுபடி எடுத்து ஆராய்ந்தார்.

இந்தக் குடும்பத்தின் நெருங்கிய சொந்தம் நம் பனையேறிக் கெண்டை. பெயரில் கெண்டை இருந்தாலும் அது கெண்டை இல்லை, முள்துடுப்பு மீன். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் ஒரு குளத்தோரப் பனையில் அது ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் இதழில் அச்சானது. மரம் ஏறியதா, பறவை தூக்கிப் போட்டதா என்று இன்றும் சிலர் வம்பளப்பதுண்டு. நமக்கு முக்கியம் அதன் மூச்சு உறுப்பு. காற்றைச் சுவாசிக்க உதவும் மடிப்புகள் செவுளுக்கு மேலே ஒரு குழியில் இருக்கும். கோராமிக்கும் உண்டு. இந்த உறவுக் கூட்டத்துக்கே உரிய அடையாளம். ஆனால் கல்லில் செவுள்மூடி எலும்பு அதை மறைத்துவிடும், மென்மையான மடிப்புகள் அழிந்தும் போகும். ஆக, மிகச் சிறந்த சாட்சி கூண்டுக்கு வராத வழக்கு இது. இருக்கிற சாட்சிகளை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

இனி, இந்த ஊருக்குப் பிடித்த மீனுக்கு வருகிறேன். அரோவனா. மலாய்க்காரர் கெலிசா என்பார்கள். வணிகர் வீட்டு வரவேற்பறையில் ஆளுயரத் தொட்டியில், அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று, ஒரு காரின் விலை கொடுத்து வளர்க்கிறார்களே, அதே மீன். காட்டு மீனின் அனைத்துலக வணிகம் 1975 முதலே தடை. பதிவு பெற்ற பண்ணை மீன்தான் விற்பனைக்கு வரும். இதன் குடும்பத்துக்கு எலும்புநாக்கு மீன்கள் என்று பெயர். நாக்கில் பல் உண்டு. மேலண்ணத்துப் பற்களோடு சேர்த்துக் கடிக்கும். செதிலும் தனி வகை: பெரிய செதில், அதன்மேல் தரையில் ஓடு பதித்ததுபோல் கட்டம் கட்டமாகக் கோடுகள்.

சங்காரேவாங்கிலும் எலும்புநாக்கு மீன் ஒன்று உண்டு. தாவரப் புதைபடிவ அறிஞர் ஓஸ்வால்ட் ஹேர் முதலில் பெயரிட்ட மீனை, மஸ்பரின் நினைவாக மஸ்பீரியா என்ற பேரினத்துக்கு மாற்றியவர் சாண்டர்ஸ். நான்கே ஆண்டு கழித்து 1938இல், பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரான சுந்தர்லால் ஹோரா, மத்திய மாகாணத்தில் தேவ்தான், கேரி என்ற இடங்களில் கிடைத்த உதிரிச் செதில்களை ஆராய்ந்தார். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி ஓய்ந்த இடைவெளிகளில் உண்டான ஏரிகளின் படிவு அது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழையது. அந்தச் செதில்களிலும் எலும்புநாக்கு மீனின் கட்டக் கோடுகள் இருந்தன.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய நிலப்பரப்பு மடகாஸ்கரை விட்டு ஏறக்குறைய 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை இடித்தது. அரோவனாவின் உறவுகள் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் குமஸாவா, நிஷிடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, ஆசிய அரோவனாவின் மூதாதையை இந்தியாவே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருக்கலாம் என்றார்கள். தக்காணச் செதில் பயணத்தின் நடுவழிச் சான்று. மஸ்பீரியா கரையிறங்கிய சான்று. கேட்கவே இனிக்கிறது. அதிலும் நமக்கு, இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு, கூடுதலாகவே இனிக்கும்.

நான் இந்தக் கதையை ஏற்கத் தயாராக இல்லை. காரணம் சொல்கிறேன். கட்டக் கோடுள்ள செதில் அரோவனாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிரிக்காவின் ஹெட்டெரோடிஸுக்கும் அமேசானின் அராபைமாவுக்கும் உண்டு. ஆகவே செதில் குடும்பத்தின் வாசல் வரை கூட்டிப்போகும், உள்ளே எந்த அறை என்று சொல்லாது. இரண்டாவது, எலும்புநாக்கு மீன் என்றாலே நன்னீர் என்பது இன்றைய நிலை. லண்டன் களிமண் படிவில் பிரைகீட்டஸ் என்ற கடல்வாழ் எலும்புநாக்கு மீன் கிடைத்திருக்கிறது. கடலில் நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு ஓடம்? மூன்றாவதுதான் பலமானது. 2017இல் ஜாங் ஜியாங்யோங், மார்க் வில்சன் இருவரும் சீனாவின் ஹூபெய், ஹூனான் மாநிலங்களில் கிடைத்த முழு எலும்புக்கூடுகளை விவரித்தார்கள். அரோவனாவின் பேரினமான ஸ்கிளெரோபேஜஸ்தான் அது என்று எலும்பெலும்பாகக் காட்டினார்கள். காலம் ஈயோசீனின் தொடக்கம். இந்தியா ஆசியாவைத் தொட்டும் தொடாமலும் இருந்த வேளையில் சீனத்து ஏரிகளில் அரோவனா ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்றால், ஓடக்காரருக்குக் கூலி கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். மஸ்பீரியாவை இன்றைய கண்ணோடு யாராவது மறுபடி முழுமையாக ஆராயும் வரை, அதை எந்தக் கட்சிக்கும் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது என்பது என் கருத்து.

பெயரில் என்ன இருக்கிறது, மீன் மீன்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மரபணுவை வைத்துக் காலம் கணிப்பவர்கள் புதைபடிவப் பெயரைத்தான் கடிகாரத்தின் முள்ளாக மாட்டுகிறார்கள். 'இந்தப் பேரினம் இந்த ஆண்டில் இருந்தது' என்று ஒரு கல்லைக் காட்டி, மற்ற கிளைகளின் வயதையெல்லாம் அதிலிருந்து கணக்கிடுவார்கள். குந்தரின் சொட்டைவாளைகூட இப்படிப் பயன்பட்டிருக்கிறது. பேரினம் பிசகினால், அல்லது 'அநேகமாக ஈயோசீன்' என்பதில் 'அநேகமாக' உதிர்ந்துவிட்டால், பல லட்சம் ஆண்டுகள் அங்கும் இங்கும் நகர்ந்துவிடும்.

உயிரோடிருக்கும் மீன்களின் வகைப்பாடும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பார்பஸ் என்ற பெயர் வெகுகாலம் எல்லாக் கெண்டைகளையும் கொட்டி வைக்கும் கூடையாக இருந்தது. அதிலிருந்து தெற்காசியச் சிறு கெண்டைகள் பன்டியஸ் என்று பிரிந்தன. 2012இல் இலங்கையின் ரோஹன் பெத்தியாகொடவும் அவர் கூட்டாளிகளும் பன்டியஸையும் பிரித்து, டாகின்சியா, பெத்தியா என்று புதுப் பேரினங்கள் அமைத்தார்கள். தாமிரபரணியில் தூண்டில் போடுகிறவர் பிடிக்கும் கெண்டைக்கே பெயர் மாறிவிட்டது. அப்படியிருக்க, 1934இல் ஒரு கல்லின்மேல் பன்டியஸ் என்று எழுதிய சீட்டு இன்றைக்கு எதைச் சொல்கிறது?

எல்லாப் பழைய பெயரும் சந்தேகத்துக்குரியது என்றும் ஆகிவிடாது. காஷ்மீரின் கரேவா படிவுகளும் பழைய ஏரிதான், ஆனால் இளையது. 40 லட்சம் ஆண்டுக்குள் அடங்கும். அதன் மீன் எச்சங்களை 1937இல் ஆராய்ந்த ஹோரா, அங்கே இன்றும் ஓடைகளில் இருக்கும் ஸ்கிசோதொராக்ஸ் கூட்டத்தில் வைத்தார். அந்த வயதுக்கு அது பொருத்தமான முடிவு. வயது கூடக் கூட, இன்றைய பேரினப் பெயரைச் சூட்டக் கூடுதல் சான்று கேட்க வேண்டும்.

முன்பு ஒரு பெரியவர் கேட்டார்: கடையில் சின்ன மீன் கல் விற்கிறார்களே, நிஜமா என்று. பெரும்பாலும் அது வயோமிங்கின் ஃபாசில் ஏரிப் படிவிலிருந்து வரும் நைட்டியா, மத்தி மீனுக்குச் சொந்தம். சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு, போலி செய்ய அவசியமும் குறைவு. ஆனால் விடுபட்ட வாலைச் சாயத்தால் வரைந்து நிரப்புவது உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். எலும்புக்குக் கனமும் ஓரமும் இருக்கும். சாயம் கல்லின் துளைக்குள் கசிந்திருக்கும். அந்த ஏராளம் ஆய்வுக்கும் ஒரு வரம்: நூற்றுக்கணக்கான மீன்களை எண்ணி, ஒரே இனத்துக்குள் முள்ளெலும்பு எத்தனை கூடும், எத்தனை குறையும் என்று சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு கல்லை வைத்துக்கொண்டு புது இனம் அறிவிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. குஞ்சையும் தாயையும் இரண்டு இனமாக எழுதிய கதைகள் இந்தத் துறையில் ஏராளம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். புதைபடிவம் தேடி அலைவதற்கு முன் எலும்புக்கூடு சேருங்கள். தேக்காவில் மீனை வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். நீளத்தை அளந்து, துடுப்புக் கதிர்களை எண்ணி எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவிடாமல் மிதமான வெந்நீரில் வேகவைத்து, பழைய பல் துலக்கியால் சதையை எடுங்கள். கொதித்தால் தலை எலும்புகள் பிரிந்து எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போகும். தொண்டைப் பற்களைத் தனிப் பெட்டியில் வையுங்கள். நிழலில் உலர்த்துங்கள்; பூனை இருக்கும் வீட்டில் மேல் அலமாரியில். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள்: எந்தக் கடை, எந்த நாள், பண்ணை மீனா ஆற்று மீனா, கடைக்காரர் சொன்ன பெயர் என்ன. அறிவியல் பெயருக்கான வரியை இப்போதைக்குக் காலியாக விட்டுவிடுங்கள். எலும்பைப் பார்த்து முடித்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.